த. நடராஜன் (கிரிக்கெட் வீரர்)

தங்கராசு நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இந்தியக் கிரிக்கெட் வீரர். 1991-இல் பிறந்த இவர் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். உள்நாட்டில் தமிழ்நாடு அணிக்கும், ஐ.பி.எல். தொடரில் கிங்ஸ் லெவன் பஞ்சாப், சன்ரைசர்ஸ் ஐதராபாத், டெல்லி கேப்பிடல்ஸ் அணிகளுக்கும் ஒப்பந்தமானவர். 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே. இவர் அந்தப் பயணத்துக்கு அணி வீரராகத் தேர்வு செய்யப்பட்டிருக்கவில்லை. மற்றவர்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து வீசிக் கொடுக்கும் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே அழைத்துச் செல்லப்பட்டார்.

ஊரும் குடும்பமும்

சின்னப்பம்பட்டி சேலம் நகருக்கு மேற்கே, தாரமங்கலம், எடப்பாடி, சங்ககிரி ஆகிய ஊர்களுக்கு நடுவில் உள்ளது. சலகண்டாபுரம் முதல் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை இந்தச் சமவெளி முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். மானாவாரிக் காடும் விசைத்தறியும்தான் பெரும்பாலான வீடுகளின் வருமானம். நடராஜனின் தந்தையும் தறித் தொழிலாளியே. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். ஐந்து பிள்ளைகளில் நடராஜன் மூத்தவர்.

கிரிக்கெட்டுக்குத் தேவையான தோல் பந்து, காலுறை, கையுறை, முள் பதித்த காலணி எல்லாமே இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எட்டாத பொருள்கள். ஒரு நல்ல தோல் பந்தின் விலை தறித் தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். அதனால் சேலம், நாமக்கல் கிராமங்களில் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். அறுவடை முடிந்த வயல், ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம் ஆகியவையே ஆடுகளங்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் கட்டி அணிகள் இறங்கும். வெற்றி பெறும் அணிக்குக் கோப்பையும் ரொக்கமும் கிடைக்கும். ஏறத்தாழ இருபது வயது வரை நடராஜன் அறிந்த கிரிக்கெட் இதுவே.

இவரை அதிலிருந்து வெளியே இழுத்து வந்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். சென்னையில் முறையான லீக் ஆட்டங்கள் நடக்கின்றன, அங்கே போனால்தான் தோல் பந்து கிடைக்கும், அங்கே ஆடுபவனைத்தான் தேர்வாளர்கள் பார்ப்பார்கள் என்பதை எடுத்துச் சொல்லி அனுப்பி வைத்தவர் இவரே. பின்னாளில் நடராஜன் ஐ.பி.எல். சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று எழுதிக்கொண்டது அந்த நன்றிக்காகத்தான். கையிலும் 'ஜே.பி.' என்று பச்சை குத்திக்கொண்டார்.

டென்னிஸ் பந்து கற்றுக்கொடுத்தது

நடராஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் யார்க்கர். மட்டையாளரின் கால் விரல்களை ஒட்டி, மட்டை தரையைத் தொடும் இடத்திலேயே வந்து விழும் பந்து இது. ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது ஏறத்தாழ 20 மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்து வீசும் பந்து, மட்டையாளர் நிற்கும் கோட்டருகே ஒரு முழத்துக்கும் குறைவான இடத்துக்குள் விழ வேண்டும். அரை அடி முன்னால் விழுந்தால் மட்டையின் நடுவில் அழகாக ஏறி எல்லைக் கோட்டுக்குப் போகும். விழாமலே போனால் ஃபுல்டாஸ். அதை அடிக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சரியாக விழுந்துவிட்டாலோ உலகின் எந்த மட்டையாளரும் பந்துக்கு அடியில் மட்டையைக் கொண்டுபோக முடியாது. தோண்டி எடுத்து ஓர் ஓட்டம் பெறுவதே பெரிய காரியம்.

இந்தக் கலை டென்னிஸ் பந்தில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. டென்னிஸ் பந்து எடை குறைந்தது. தோல் பந்தைப் போல அதற்குத் தையல் விளிம்பு இல்லை. விழுந்த பிறகு பக்கவாட்டில் திரும்புவது குறைவு, இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுவது அதிகம். எல்லைக் கோடும் பக்கத்திலேயே இருக்கும். நல்ல அளவில் விழுந்த பந்தும் அங்கே சிக்சராகும். வீச்சாளன் பிழைக்க ஒரே வழி, பந்தைத் துள்ளவிடாமல் காலடியில் போடுவது. சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்துகளை அப்படிப் போட்டுப் பழகிய கைக்கு, தோல் பந்து கிடைத்தபோது வேகமும் எடையும் கூடுதலாகச் சேர்ந்தன. பயிற்சி முகாம்களில் வளர்ந்தவர்கள் முதலில் நேர்த்தியான நீளத்தைக் கற்றுக்கொண்டு, யார்க்கரைக் கடைசியில் கற்பார்கள். நடராஜன் கற்றது நேர் எதிர் வரிசையில். வெள்ளைப் பந்தில் இவருடைய பலமும், சிவப்புப் பந்தில் இவர் படவேண்டியிருந்த பாடும் இதிலிருந்தே வந்தன என்று சொல்லலாம்.

சென்னை லீக்கும் வீச்சுமுறைச் சிக்கலும்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் பல டிவிஷன்களைக் கொண்ட ஏணி. நடராஜன் நான்காம் டிவிஷனில் தொடங்கி முதல் டிவிஷனுக்கு ஏறினார். அஸ்வின் போன்றவர்கள் ஆடிய ஜாலி ரோவர்ஸ் கழகம் வரை சென்றார். வெளியூர்ப் பையன்களுக்கு இந்த ஏணியில் ஆட்டத்தைவிடச் சாப்பாடும் தங்குமிடமும்தான் பெரிய கவலை. கழகங்கள் தரும் சம்பளமும் நிறுவன வேலையுமே அவர்களைச் சென்னையில் நிறுத்தி வைக்கும்.

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இவருடைய வீச்சுமுறை ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் அறிக்கை அளித்தனர். பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் மடங்கி நிமிரக் கூடாது என்பது பன்னாட்டு விதி. அதற்கு மேல் போனால் அது வீச்சல்ல, எறிதல். வீச்சாளர் ஒருவருக்கு வரக்கூடிய குற்றச்சாட்டுகளில் இதுவே மிகக் கொடியது. காயம் பட்டவனுக்கு அனுதாபம் கிடைக்கும். எறிகிறான் என்று பெயர் எடுத்தவனை அணிகள் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். உள்ளூர்க் கிரிக்கெட்டில் பலருடைய கதை இந்த இடத்தில் முடிந்திருக்கிறது.

இருபது வயதுக்கு மேல் வீச்சுமுறையை மாற்றுவது எளிதன்று. உடம்பு பழகிய பழக்கத்தை மறக்க வேண்டும். ஓட்டம், தாவல், தோள் திரும்பும் கோணம், கை இறங்கும் பாதை எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக அடுக்க வேண்டும். இடையில் வேகம் குறையும், குறி தவறும். தமிழ்நாட்டின் முன்னாள் வீரர்கள் சிலரின் வழிகாட்டலில் நடராஜன் இதைச் செய்து முடித்தார். ஆஸ்திரேலியாவில் இவர் எடுத்த விக்கெட்டுகளைவிட, யாரும் பார்க்காத இந்த மாதங்களில் செய்த வேலைதான் பெரிது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

டி.என்.பி.எல். முதல் ஐ.பி.எல். வரை

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடிய நடராஜன், ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர்களாகவே வீசியது தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் பேச்சாயிற்று. சென்னைக்கு வெளியே இருந்த வீரர்களுக்கு இந்தத் தொடரின் பயன் இதுதான். ஒளிபரப்பு இருந்ததால், ஐ.பி.எல். அணிகளின் தேர்வாளர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே இவரைப் பார்க்க முடிந்தது.

2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 இலட்சம் ரூபாய். கிங்ஸ் லெவன் பஞ்சாப் இவரை 3 கோடிக்கு எடுத்தது. குடும்பத்துக்கு அது கனவுத் தொகை. ஆட்டத்தில் அது சுமையாயிற்று. 6 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகள் மட்டுமே கிடைத்தன. அடுத்த ஆண்டு சன்ரைசர்ஸ் ஐதராபாத் 40 இலட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ஆகிய இரண்டு தொடர்களிலும் ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறக்கவில்லை. ஆனால் அணியை விட்டு அனுப்பவும் இல்லை. முத்தையா முரளிதரன் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தது, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசிய நடராஜனுக்குச் சின்ன உதவியல்ல.

2020-இல் பெருந்தொற்றால் ஐ.பி.எல். ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. புவனேசுவர் குமார் காயத்தால் விலக, கடைசி ஓவர்களை வீசும் பொறுப்பு நடராஜனிடம் வந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். நவம்பர் 6 அன்று அபுதாபியில் பெங்களூருக்கு எதிரான வெளியேற்ற ஆட்டத்தில் ஏ.பி. டிவில்லியர்ஸ் 56 ஓட்டங்களுடன் நின்றிருந்தபோது, காலடியில் விழுந்த யார்க்கரில் அவருடைய கம்பு பறந்தது. டிவில்லியர்ஸ் தவறாக எதையும் ஆடவில்லை. அந்தப் பந்துக்கு மறுமொழி இல்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

அமீரகத்திலிருந்தே இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. வலைப்பயிற்சிக்காக அறிவிக்கப்பட்ட நான்கு இளம் வேகப்பந்து வீச்சாளர்களில் நடராஜனும் ஒருவர். மற்றொரு தமிழ்நாட்டு வீரரான வருண் சக்கரவர்த்தி தோள்பட்டைக் காயத்தால் விலக, நவம்பர் 9 அன்று இருபது ஓவர் அணியில் இவர் சேர்க்கப்பட்டார். பின்னர் நவ்தீப் சைனிக்கு முதுகு வலி வந்ததால் ஒருநாள் அணியிலும் இடம் கிடைத்தது. அந்த நவம்பரில்தான் இவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையின் முகத்தை நேரில் பார்க்க ஜனவரி கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதல் இரண்டு ஒருநாள் ஆட்டங்களிலும் இந்தியா தோற்று, தொடரை இழந்தது. டிசம்பர் 2 அன்று கான்பராவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் நடராஜன் களம் கண்டார். 10 ஓவர்களில் 70 ஓட்டங்கள் கொடுத்து 2 விக்கெட்டுகள். முதல் விக்கெட் மார்னஸ் லபுஷேன். இந்தியா 13 ஓட்டங்களில் வென்றது.

இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் முதல் இருபது ஓவர் ஆட்டம். மேக்ஸ்வெல் உட்பட மூவரை வீழ்த்தி 30 ஓட்டங்கள் கொடுத்தார். சிட்னியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 380-க்கு மேல் குவித்தன. அங்கே இவர் 4 ஓவர்களில் 20 ஓட்டங்களே கொடுத்து 2 விக்கெட்டுகள் எடுத்தார். ஆட்ட நாயகனான ஹர்திக் பாண்டியா, இந்த விருது நடராஜனுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்று ஆட்டங்களில் 6 விக்கெட்டுகள். தொடர் 2–1 என்று இந்தியாவுக்கு. கோப்பையைக் கையில் வாங்கிய விராட் கோலி அதை நேராக நடராஜனிடம் கொடுத்தார்.

டெஸ்ட் தொடருக்கு இவர் மீண்டும் வலைப்பயிற்சிக்குத்தான். அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது, மெல்போர்னில் வென்றது, சிட்னியில் சமன் செய்தது. இடையிலேயே முகமது சமி, உமேஷ் யாதவ், ஜடேஜா, பும்ரா, அஸ்வின் என்று ஒவ்வொருவராகக் காயத்தால் விழுந்தனர். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் தொடங்கிய நான்காவது டெஸ்ட்டில் நடராஜன் இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரரானார். 301ஆவது வீரர் சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர். சிராஜ், சைனி, தாக்குர், நடராஜன், சுந்தர் ஆகிய ஐந்து பந்துவீச்சாளர்களும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்தது மொத்தமே 4 டெஸ்ட்கள்.

அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு தோற்றதில்லை. முதல் நாளிலேயே சைனி இடுப்புக் காயத்தால் பந்து வீச முடியாமல் போனார். அவருடைய பங்கையும் மற்றவர்கள் வீச வேண்டியதாயிற்று. நடராஜன் 24.2 ஓவர்கள் வீசி 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் எடுத்தார். மேத்யூ வேடும் லபுஷேனும் சேர்ந்து நூறு ஓட்டங்களைத் தாண்டிக் கூட்டாக நின்றபோது, இருவரையும் அடுத்தடுத்துப் பெயர்த்தது இவரே. லபுஷேன் 108 எடுத்திருந்தார். கடைசி விக்கெட்டான ஹேசல்வுட்டையும் இவரே வீழ்த்தினார். ஆஸ்திரேலியா 369.

இடக்கை வேகப்பந்து வீச்சாளர் அணிக்குக் கொடுக்கும் இன்னொன்று புள்ளிவிவரத்தில் வராது. பந்தை விட்டபின் அவருடைய கால்கள் ஆடுகளத்தின் மறு பக்கத்தில் இறங்குகின்றன. அங்கே தரை பெயர்ந்து கரடாகும். எதிர் முனையிலிருந்து வீசும் வலக்கைச் சுழற்பந்து வீச்சாளருக்கு, வலக்கை மட்டையாளரின் வெளிப்பக்கத்தில் அந்தக் கரடு இலக்காகக் கிடைக்கும்.

இரண்டாவது இன்னிங்சில் நடராஜனுக்கு விக்கெட் கிடைக்கவில்லை. சிராஜ் 5, தாக்குர் 4 எடுத்தனர். 328 என்ற இலக்கை இந்தியா ஜனவரி 19 மாலை 3 விக்கெட்டுகள் மீதமிருக்க எட்டியது. ரிஷப் பண்ட் ஆட்டமிழக்காமல் 89. ஒருநாள் அறிமுகத்திலிருந்து டெஸ்ட் அறிமுகம் வரை நடராஜனுக்கு ஆன காலம் 44 நாட்கள்.

ஜனவரி 21 அன்று சின்னப்பம்பட்டியில் குதிரைகள் பூட்டிய சாரட்டில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தனர். பிறகு பழனிக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தினார். கொங்குப் பக்கத்தில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் செய்வது அதுதான். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பரிசளித்த கார் வந்து சேர்ந்தபோது, பிரிஸ்பேனில் அணிந்த சட்டையில் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பி வைத்தார்.

முழங்கால்

2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் ஆட்டம். தொடர் 1–1. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ஓட்டங்கள் தேவை. எதிரே 90-ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் கொடுத்தது 6. இந்தியா 7 ஓட்டங்களில் வென்று தொடரைக் கைப்பற்றியது. இந்தியாவுக்காக இவர் ஆடிய இரண்டாவது ஒருநாள் ஆட்டம் அது. அதற்குப் பின் ஒருநாள் ஆட்டம் இல்லை.

அடுத்த மாதமே முழங்கால் வலியால் ஐ.பி.எல். தொடரிலிருந்து விலகி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். செப்டம்பரில் திரும்பியபோது கோவிட் தொற்று. அந்த ஆண்டின் இருபது ஓவர் உலகக் கோப்பை இவர் இல்லாமலே நடந்தது. 2022-இல் அர்ஷ்தீப் சிங் வந்தார். இடக்கை, யார்க்கர், கடைசி ஓவர் என்று நடராஜனுக்காகக் காத்திருந்த அதே இடம் அவருக்குப் போயிற்று. தேர்வாளர்களைக் குறை சொல்வது கடினம். காலியாக இருந்த இடத்தில் தகுதியான ஒருவர் வந்து அமர்ந்துவிட்டார். ஆனால் ஒரு டெஸ்ட்டில் 3 விக்கெட், இரண்டு ஒருநாளில் 3, நான்கு இருபது ஓவர் ஆட்டங்களில் 7 என்ற கணக்கு, இவருடைய திறமையின் அளவு அல்ல.

ஐ.பி.எல். அதைக் காட்டிக்கொண்டே இருந்தது. 2022-இல் 4 கோடிக்கு மீண்டும் ஐதராபாத். 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள். 2024-இல் 19 விக்கெட்டுகள் எடுத்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசெல்வதில் பங்கு வகித்தார். மட்டையாளர்கள் தாறுமாறாக அடித்த அந்தத் தொடரில், டெல்லிக்கு எதிராக 4 ஓவர்களில் 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தது தனியாகச் சொல்ல வேண்டியது. ஆயினும் அவ்வாண்டு உலகக் கோப்பை அணியில் பெயர் இல்லை. அடுத்த ஏலத்தில் டெல்லி கேப்பிடல்ஸ் 10.75 கோடி கொடுத்தது. 2025 தொடரில் இவர் களமிறங்கிய ஆட்டங்கள் மிகச் சில.

சின்னப்பம்பட்டி மைதானம்

இந்திய அணிக்குப் போவதற்கு முன்பே நடராஜன் ஊரில் இளைஞர்களுக்குப் பயிற்சிக் கூடம் தொடங்கியிருந்தார். அங்கே பழகியவர்களில் கோ. பெரியசாமி குறிப்பிடத்தக்கவர். ஒரு கண்ணில் பார்வைக் குறைபாடு உள்ள இந்த வேகப்பந்து வீச்சாளர், 2019 டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். எதிரணி, நடராஜன் முன்பு ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ். பெரியசாமியும் சின்னப்பம்பட்டிக்காரரே.

2023 ஜூன் 23 அன்று சின்னப்பம்பட்டியில் 'நடராஜன் கிரிக்கெட் மைதானம்' திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். நடுவில் நான்கு ஆடுகளங்கள், பயிற்சிக்கு இரண்டு, உடற்பயிற்சிக் கூடம், உணவகம், நூறு பேர் அமரும் சிறு பார்வையாளர் மாடம் ஆகியவை இதில் உள்ளன. இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 2020-இல், மாவட்டத்தின் கிழக்கே வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் திறக்கப்பட்டு, 2022-இல் டி.என்.பி.எல். ஆட்டங்களும் அங்கே நடந்தன. தறி ஓட்டும் வீட்டுப் பையன் இப்போது தோல் பந்தை முதன்முதலில் கையில் பிடிக்கச் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. தேர்வாளர்கள் பார்க்கும் முதல் டிவிஷன் லீக் மட்டும் இன்னும் சென்னையில்தான் நடக்கிறது.